வெதுவெதுப்பாகக் கொண்டுவரவும்

1

இந்தக் கதையின் கரு எனக்குச் சொந்தமில்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், பக்கத்து மேசையிலிருந்து எடுத்தேன். நான்கு லோரி ஓட்டுநர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் வாட்டசாட்டமானவர்கள். நாலாமவர் ஒல்லி; அவருடைய சட்டைக் காலருக்குள் இன்னொரு கழுத்துக்கும் இடம் இருந்தது. அவர்தான் ரசத்தை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்:

"இந்தக் கடையில உக்காந்திருக்கிறவங்கள்லயே ஆகப் பெரிய கொழுப்பு என்னோடதுதான். போட்டோ இருக்கு, பாக்குறீங்களா?"

"ஒனக்குக் கொழுப்புன்னு கிள்ளான் ஊருக்கே தெரியுமே லா. அதுக்கு எதுக்கு போட்டோ?"

(இந்தச் சிலேடையை அந்த மேசையிலேயே விட்டுவிட்டு வருகிறேன். இனி இந்தக் கதையில் கொழுப்பு என்றால் உடம்புக் கொழுப்பு மட்டுமே.)

ஒல்லிக்காரர் கைப்பேசியை எடுத்து நீட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். அவர் கவனித்துவிட்டார். "பாஸ், நீங்களும் பாருங்க, காசா பணமா," என்று என் பக்கம் திருப்பினார். திரையில் வட்டம் வட்டமாக என்னவோ நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. பெயர் சுகுமாறன் என்றார். யார் எடுத்த படம் என்று கேட்டேன். ரிஹானா என்றார், அவளுடைய தொலைபேசி எண்ணையும் கொடுத்தார். இப்படித்தான் நான் இந்தக் கதைக்குள் வந்தேன்.

எழுத உட்கார்ந்ததும் மூன்று தொடக்கங்கள் வந்தன.

முதலாவது: "மனித உடலிலுள்ள கொழுப்பு செல்லின் விட்டம் ஆளுக்கு ஆள் மாறுபடுவதோடு, அதன் வளர்சிதை மாற்றத் தொடர்புகளும்" (வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே கொட்டாவி விட்டிருப்பீர்கள்.)

இரண்டாவது: "கிள்ளான் ஆற்றின் மேல் அந்தி சாய்ந்தபோது ரிஹானா தன் வாழ்க்கையைப் பற்றி" (அந்த நேரத்தில் அவள் யோசித்துக்கொண்டிருந்தது ஸ்டேஷனில் பார்க்கிங் கிடைக்குமா என்பதைப் பற்றி. விசாரித்துவிட்டேன்.)

மூன்றாவது: "ரிஹானா ஐஸ் பெட்டியோடு ரயில் ஏறினாள்."

இது போதும். இதில் ஓர் ஆள் இருக்கிறாள், ஒரு பொருள் இருக்கிறது, கதையின் தவறும் அந்தப் பொருளுக்குள்ளேயே இருக்கிறது.

2

ரிஹானா ஐஸ் பெட்டியோடு கிள்ளானில் ரயில் ஏறினாள். பெட்டிக்குள் பனிக்கட்டிகளுக்கு நடுவே ஒரு சின்னக் குழாய். குழாய்க்குள் ஒருவருடைய தொப்புளுக்குப் பக்கத்திலிருந்து ஊசியால் எடுத்த கொழுப்பு, இரண்டு பட்டாணி அளவு. அதைக் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய், செல்களைப் பிரித்து, ஒவ்வொன்றின் விட்டத்தையும் அளப்பது அவளுடைய முனைவர் பட்ட வேலை.

அவளுடைய அத்தா கிஃபாயத்துல்லா கிள்ளான் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். மகளின் ஆய்வைப் பற்றி அவருக்கு ஒரே கருத்துதான். "படிச்சுப் படிச்சுக் கடைசியில கொழுப்பு அள்ளுற வேலையா? அதுக்கு நம்ம அடுப்படிக்கே வந்திருக்கலாமேம்மா."

அவள் நிரூபிக்க நினைத்தது இது. கொழுப்பு செல்களைத் துறைமுகத்துக் கிடங்குகளாக நினைத்துக்கொள்ளுங்கள்; சரக்கு, கொழுப்பு. சிலருக்குச் சரக்கு வர வரப் புதுப் புதுக் கிடங்கு எழும்பும். எல்லாம் சின்னது, எல்லாம் ஒழுங்கு. ஆள் பருமனாக இருப்பார், ரத்தம் சுத்தமாக இருக்கும். வேறு சிலருக்கு இருப்பதே நாலு கிடங்கு. சரக்கு கொஞ்சம்தான், ஆனாலும் அந்த நாலுக்குள்ளேயே திணிக்க வேண்டும். கிடங்கு ஊதும், கதவு மூடாது, சரக்கு சாலையில் இறங்கும். சாலை என்பது ரத்தமும் ஈரலும். ஊதிப்போன செல் இன்சுலின் சொல்வதைக் கேட்பதில்லை. ஆள் ஒல்லியாகவே இருப்பார். இங்கே இனிப்புநீர் என்று சொல்கிற நீரிழிவு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

(கிடங்கு உவமை என்னுடையது. ரிஹானாவுக்குப் பிடிக்கவில்லை. "செல்லு சும்மா கிடங்கு இல்லண்ணே, ஹார்மோன் விடும், மத்த உறுப்புங்களோட பேசும்," என்றாள். சரி. பேசுகிற கிடங்கு.)

அப்படியானால் ஒல்லியான நோயாளிக்குக் கொழுப்பு செல் பெரிதாக இருக்க வேண்டும். சுகுமாறன் அதற்கென்றே செய்து வைத்தது போன்ற ஆள். செலாயாங் மொத்தச் சந்தைக்கும் கிள்ளானுக்கும் காய்கறி லோரி ஓட்டுகிறவர். ஐம்பத்திரண்டு கிலோ. ஆறு வருடமாக இனிப்புநீர். ஆய்வுக்கு வந்த அன்றைக்கு அவர் ஒரு கேள்வியைக் கேட்டார்.

"டாக்டரு, நான் குண்டும் இல்ல, இனிப்பும் தொடுறதில்ல. அப்புறம் எனக்கு ஏன்?"

"அதைத்தாண்ணே தேடுறேன். நான் இன்னும் டாக்டர் ஆகல."

அளந்து பார்த்தபோது அவருடைய செல்கள் சின்னதாக இருந்தன. ஆய்வுக்கு வந்தவர்களிலேயே ஆகச் சின்னது. மற்ற ஒல்லி நோயாளிகளுக்கும் அப்படியே. அவள் சொன்னதற்கு நேர் எதிராக எல்லாம் வந்துகொண்டிருந்தது.

மேற்பார்வையாளர் டாக்டர் ராதாகிருஷ்ணன் கத்துகிற ஆளில்லை. "ஐடியா அழகா இருக்கு ரிஹானா. டேட்டா வேற சொல்லுதே," என்றார். "மாசக் கடைசியில மீட்டிங். அதுக்குள்ள ஒண்ணும் மாறலைன்னா மூடிடலாம். உங்க ஃப்ரிட்ஜை வேற ரெண்டு பேர் கேக்குறாங்க."

மூன்று வருட உழைப்பு ஒரு ஃப்ரிட்ஜ் இடமாகச் சுருங்கியதை அவள் கழிவறையில் போய் அழுது தீர்த்தாளா என்று கேட்டேன். "அழல. போய் கோப்பி குடிச்சேன்," என்றாள். ஆகவே அந்தப் பத்தி இல்லை.

3

இப்போது ஒரு கண்டுபிடிப்பு நடந்தாக வேண்டும். நான் முதலில் எழுதியதை அப்படியே விடுகிறேன்:

"அத்தா கட்டிக்கொடுத்த ஆட்டுக்கறிப் பொட்டலம் அவள் மடியில் இருந்தது. ரயிலின் குளிரில் குழம்பின் மேல் கொழுப்பு வெள்ளையாக உறைந்து நின்றது. ரிஹானா அதையே பார்த்தாள். பிறகு மெல்ல ஐஸ் பெட்டியைத் திரும்பிப் பார்"

எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. அவளுக்கு அனுப்பினேன். குரல் பதிவு ஒன்று வந்தது.

"அண்ணே, நல்லாத்தான் இருக்கு, ஆனா பொய். எங்க அத்தா கறியைத் தூக்கிட்டு ரயில்ல ஏறினா மணம் கோச்சு முழுக்கப் போகும், நான் செய்யவே மாட்டேன். நான் ஒக்காந்து வேலை பாத்துக் கண்டுபிடிச்சேன். அந்தப் பேரைக் குழம்புக்குக் குடுக்காதீங்க லா. ஏற்கனவே அத்தா, கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் ஐடியா தன்னோடதுன்னு சொல்லிக்கிட்டு இருக்காரு."

உண்மை குழம்பை விடச் சுவை குறைந்தது, ஆனால் உண்மை.

படங்களில் வட்டங்களைத் தேடி விட்டம் சொல்வது ஒரு கணினி நிரல். அதற்கு வட்டமாக இருந்தால் போதும். ரிஹானா அதை நிறுத்திவிட்டு, செல்லின் கருவுக்கு மட்டும் நீலம் ஏற்றும் சாயத்தை விட்டு, மீதமிருந்த மாதிரிகளைக் கண்ணால் பார்க்கத் தொடங்கினாள். கொழுப்பு செல்லில் உள்ளே முழுக்க எண்ணெய்; கரு இடமில்லாமல் ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். கல் வைத்த மோதிரம் போலத் தெரியும்.

சுகுமாறனின் படத்தில் மோதிரங்கள் நிறைய இருந்தன. கல்லைத்தான் காணோம்.

அவை செல்களே இல்லை. செல் உடைந்து சிந்திய சின்னச் சின்ன எண்ணெய்த் துளிகள். நுண்ணோக்கியின் கீழ் எண்ணெய்த் துளியும் செல்லைப் போலவே உருண்டையாக, பளபளப்பாக இருக்கும். செல்லை விட அழகாகவே இருக்கும் என்கிறாள்.

ஏன் உடைந்தன? ஆய்வுக்கூடத்தில் முதல் நாள் சொல்லித் தருவது: உடம்பிலிருந்து எடுத்த எதுவானாலும் உடனே ஐஸில் வை. ரத்தத்துக்கு அது சரி, ஈரல் துண்டுக்குச் சரி. அந்தப் பழக்கத்தில் அவளும் கொழுப்பை ஐஸில் வைத்தாள். போதாததற்கு ஆய்வுக்கூடம், கதவுக்குப் பின்னால் எல்லோருடைய ஸ்வெட்டரும் தொங்கும் குளிர் அறை. குளிர்ந்தால் கொழுப்பு இறுகும், அதைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு கிழியும். பெரிய செல் முதலில் கிழியும். சின்னது தப்பிக்கும். அதாவது யாருக்குச் செல் பெரிதோ, அவரைத்தான் இந்தப் பிழை அதிகம் மறைத்தது. பழைய கட்டுரை ஒன்றின் செய்முறைப் பகுதியில் 'உடல் வெப்பத்திலேயே வைத்திருக்கவும்' என்று ஒரு வரி இருந்தது. அந்தக் கட்டுரையை அவள் முன்பே படித்திருக்கிறாள். செய்முறைப் பகுதியை யார் வரிவரியாகப் படிக்கிறார்கள்?

இத்தனை மாதமாக அவள் அளந்தது எண்ணெய்.

4

ஒரு மாதிரியை இரண்டாகப் பிரித்து, பாதியை ஐஸிலும் பாதியை வெதுவெதுப்பிலும் கொண்டுவந்தால் தெரிந்துவிடும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அவள் யோசனையே தப்பு, ஃப்ரிட்ஜைக் கொடுத்துவிடலாம். அதற்கு ஒருவர் மறுபடி ஊசிக்கு வர வேண்டும். விதிப்படி சம்மதம் கொடுத்தால் இரண்டாவது முறையும் எடுக்கலாம். ரிஹானா சுகுமாறனின் ஃப்ளாட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது அவர் மனைவி அமுதவள்ளி.

"மறுபடியுமா? போன தடவை வயிறெல்லாம் நாவப்பழமாட்டம் நீலமாப் போச்சு."

"போன தடவை நான் கொண்டுபோன விதம் தப்புக்கா."

"சரி, அதை விடுங்க. இவரு வெளியில திருட்டுத்தனமா சீனி போட்டு ஆத்தின தே தாரே குடிக்கிறது அந்தக் கொழுப்புல தெரியுமா?"

உள்ளேயிருந்து சுகுமாறன் குரல் வந்தது. "ஆரம்பிச்சிட்டா."

"குடிக்காம எப்படிங்க வரும்? எங்கண்ணன் தொண்ணூறு கிலோ, அவருக்கே இல்ல. இந்த ஒடம்புக்கு இனிப்புநீர்னா இவரு எங்கயோ உள்ள தள்ளுறாருன்னுதானே அர்த்தம்?"

"அக்கா, அதுல தே தாரே தெரியாது. ஆனா குடிக்காத ஒல்லியான ஆளுக்கும் ஏன் வரலாம்னு தெரியலாம்."

சுகுமாறன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். "போட்டோ குடுப்பீங்களா டாக்டரு?"

"குடுப்பேன்."

"பெருசா இருந்தா?"

"பெருசோ சின்னதோ, குடுப்பேன்."

"அப்ப வரேன். ஆனா அந்த ரயில் வேணாம். அதுவே ஒரு ஐஸ் பெட்டி. என் லோரில போவோம்."

(இவர் ஏன் ஒத்துக்கொண்டார் என்று எனக்கு நீண்ட நாள் சந்தேகம். 'அறிவியலுக்காக' என்று எழுதி அடித்தேன். 'நாளைய நோயாளிகளுக்காக' என்று எழுதி அதையும் அடித்தேன். ஆறு வருடமாகத் தன் வீட்டில் நடந்துவரும் ஒரு வழக்கில் அவருக்குச் சாட்சி தேவைப்பட்டது.)

5

மீட்டிங்குக்கு முந்தைய நாள் காலை, கிள்ளானிலுள்ள கிளினிக்கில் மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போட்டுக் கொழுப்பை எடுத்தார். பாரம் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டலாம் என்றார். ரிஹானா அதை இரண்டாகப் பிரித்தாள். ஒரு குழாய் ஐஸ் பெட்டிக்குள். இன்னொன்று வெந்நீர் ஊற்றி முப்பத்தேழு டிகிரியில் வைத்த ஃப்ளாஸ்க்குக்குள். ஃப்ளாஸ்க் அத்தா கடையுடையது.

"கழுவாம திருப்பிக் கொண்டுவராதே," என்றார் கிஃபாயத்துல்லா.

"திருப்பிக் கொண்டுவரவே மாட்டேன் அத்தா."

லோரி கிளம்பி ஃபெடரல் ஹைவேயில் ஏறியது. வெப்பமானியின் ஒயர் குறுக்கே போனதால் ஃப்ளாஸ்க்கின் மூடி முழுதாக மூடவில்லை. ரிஹானா அதைத் துணியால் சுற்றி மடியில் வைத்திருந்தாள். சுங்கை வே பக்கம் வந்ததும் சாலை அடைத்துக்கொண்டு நின்றது.

"எவ்வளவு டாக்டரு?"

"முப்பத்தஞ்சு. இன்னும் டாக்டர் இல்லண்ணே."

"எறங்குதா?"

"எறங்குது."

சுகுமாறன் ஏர்கோனை அணைத்தார். லேசாகத் திறந்திருந்த தன் பக்கத்துக் கண்ணாடியை ஒரு கையால் மேலே ஏற்றினார். "ஒங்க பக்கமும் ஏத்துங்க."

நடுப்பகல் வெயில் முன்கண்ணாடியில் நேராக விழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் வியர்வை முகத்தில் வழிந்தது. ரிஹானாவின் முக்காடு நெற்றியோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் வந்து நின்ற மோட்டார் சைக்கிள்காரர் உள்ளே இரண்டு பேர் வேகுவதைப் பார்த்து, கண்ணாடியைத் தட்டி, இறக்கச் சொல்லிக் கை காட்டினார். சுகுமாறன் தலையை ஆட்டி மறுத்தார். மோட்டார் சைக்கிள்காரர் ரிஹானாவைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார், கேள்வியாக. ரிஹானாவும் உயர்த்தினாள். அவர் நம்பாமலே போனார்.

"பாத்தீங்களா, கடத்திட்டுப் போறேன்னு நெனச்சிட்டாரு. இப்ப எவ்வளவு?"

"முப்பத்தஞ்சுலயே நிக்குது."

"நிக்கட்டும். மயக்கம் வருதா?"

"இல்ல. ஒங்களுக்கு வயிறு வலிக்குதாண்ணே?"

"என் வயித்துல பாதி ஒங்க மடியிலதான் இருக்கு. அதைப் பாத்துக்குங்க, போதும்."

ரிஹானா சிரித்தாள். சிரிக்கும்போதே வெப்பமானியைப் பார்த்தாள்.

"அண்ணே, முப்பத்தாறு."

"ஏறுதா?"

"ஏறுதுண்ணே."

சுகுமாறன் ஸ்டீரிங்கை இரண்டு தட்டுத் தட்டினார். முன்னால் சாலையும் மெல்ல நகரத் தொடங்கியது.

(சாலை சரியாக அந்த நேரத்தில் நகர்ந்ததா என்று கேட்காதீர்கள். நகர்ந்தது என்று இருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். நானாக எழுதியிருந்தால் இவ்வளவு வசதியாக எழுத வெட்கப்பட்டிருப்பேன்.)

6

ஆய்வுக்கூடத்தில் அவள் முதலில் செய்தது ஏர்கோனை அணைத்தது. ஸ்வெட்டர் போட்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டு பாதிகளையும் நொதியில் ஊற வைத்தாள். கொழுப்பு செல் பிரிந்ததும் மேலே மிதக்கும். மற்றதெல்லாம் அடியில் தங்கும். மிதந்ததை எடுத்து, நீலச் சாயம் விட்டு, இரண்டு கண்ணாடிகளில் பரப்பினாள். ஐஸ் பாதியை முதலில் பார்த்தாள். எண்ணெய். எண்ணெய்க்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்ன மோதிரங்கள். பழைய படம்தான்.

பிறகு மற்றதை வைத்தாள். குவியத்தைத் திருப்பினாள்.

(இங்கே நான் ஒரு பக்கம் எழுதினேன். நிலவெல்லாம் வந்தது. அவள் சொன்ன மூன்று வார்த்தைகளை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.)

"எல்லாத்துலயும் கல் இருந்துச்சு."

பெரிய பெரிய மோதிரங்கள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு நீலப் புள்ளி. அவள் ராதாகிருஷ்ணனைக் கூப்பிட்டாள். அவர் பார்த்தார்.

"லேபிளை மறைச்சு, மாத்தி மாத்தி வையுங்க," என்றார்.

வைத்தாள். அவர் எது ஐஸ், எது வெதுவெதுப்பு என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு முறையும் தவறவில்லை. பிறகு நிரலை நம்பாமல் தானே உட்கார்ந்து, புள்ளி உள்ளவற்றை மட்டும் அளந்தார். சராசரி நூற்றுப் பதினெட்டு மைக்ரான். சுகுமாறனின் ஒரு கொழுப்பு செல் அவருடைய தலைமுடியை விடத் தடிமன்.

"எங்க அவரு?"

"வெளியில ஒக்காந்திருக்காரு சார். போட்டோ வேணுமாம்."

ராதாகிருஷ்ணன் எழுந்து போய் அவருக்குக் கை கொடுத்தார். திரும்பி வந்து ரிஹானாவிடம், "பழைய டேட்டா மொத்தமும் குப்பை, தெரியும்ல?" என்றார்.

"தெரியும் சார்."

"நாளைக்கு மீட்டிங்ல அதையே சொல்லுங்க. மொதல் ஸ்லைடுல. அந்த ஐஸ் பெட்டி இனிமே பிக்னிக்குக்கு."

தன் வேலை முழுவதும் வீண் என்று நிரூபித்ததற்காக ஒருத்தி கைதட்டல் வாங்கியதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. மறுநாள் வாங்கினாள். ஆய்வை மூடவில்லை. ஃப்ரிட்ஜும் அவளிடமே இருக்கிறது. அதில் இப்போது மதியச் சாப்பாடு வைக்கிறாள் என்று புகார்.

(ஒரு மனிதரின் ஒரு மாதிரி, அளக்கும் முறை சரி என்பதை மட்டுமே காட்டும். மற்றதற்கு எல்லோரையும் மறுபடி அழைக்க வேண்டியிருந்தது. பெரும்பாலோர் வந்தார்கள். ஒல்லி நோயாளிகளில் அதிகம் பேருக்குச் செல் பெரிது. பருமனாக இருந்தும் ரத்தம் சுத்தமாக இருந்தவர்களில் அதிகம் பேருக்குச் சின்னது. 'அதிகம் பேருக்கு' என்பதை அடிக்கக் கூடாது என்று ரிஹானா இரண்டு முறை சொன்னாள்.)

7

முடிவுகள்.

அ. பெரிய அரங்கம், மேடை, ரிஹானா பட்டம் வாங்குகிறாள், கடைசி வரிசையில் கிஃபாயத்துல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டே (பட்டமளிப்புக்கு இன்னும் நாளிருக்கிறது. தவிர அவர் முதல் வரிசையில்தான் உட்காருவார்.)

ஆ. சுகுமாறன் குணமாகிறார். (ஆகவில்லை. மாத்திரை தொடர்கிறது. அளப்பது வைத்தியம் இல்லை.)

இ. சுகுமாறன் வீட்டுக்குப் போய், கைப்பேசியை அமுதவள்ளியிடம் நீட்டினார். அமுதவள்ளி படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இதெல்லாம் ஒங்க வயித்துக்குள்ளயா?"

"ஆமா. ஸ்டடியிலயே ஃபர்ஸ்டு."

"அப்ப தே தாரே?"

"ஆறு வருஷமா சொல்றேன்."

அமுதவள்ளி அடுக்களைக்குள் போனார். இரண்டு கோப்பைத் தேநீரோடு வந்தார். இரண்டிலும் சீனி இல்லை. தன்னுடையதை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"நல்லாவே இல்லையே."

"அதையும் ஆறு வருஷமா சொல்றேன்."

(சுகுமாறன் வெளியில் இனிப்பாகக் குடிக்கவில்லை என்பதை அந்தப் படம் நிரூபிக்காது என்று ரிஹானா எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். அமுதவள்ளியிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை.)

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் எனக்கு அந்தச் சாப்பாட்டுக் கடை மேசை நினைவுக்கு வருகிறது. சுகுமாறன் படத்தைக் காட்டி, எல்லாவற்றையும் விளக்கி முடித்ததும், மற்ற மூன்று ஓட்டுநர்களும் ஒருவர் பின் ஒருவராக, யாரும் பார்க்காதது போல, இடது கையை மேசைக்கடியில் கொண்டுபோய்த் தொப்புளுக்குப் பக்கத்தில் கிள்ளிப் பார்த்தார்கள். நானும் கிள்ளிப் பார்த்தேன்.

இப்போது நீங்கள். சட்டைக்கு மேலேயே போதும். விரல்களுக்கு நடுவே நிற்பது எவ்வளவு என்று தெரியும். அதற்குள் நாலு பெரிய கிடங்கா, நாற்பது சின்னதா என்று விரலுக்குத் தெரியாது. கண்ணாடிக்கும் தராசுக்கும் உங்கள் மச்சானுக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது, அது வேலை செய்கிறது. ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் ரிஹானா இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். இந்தக் கதையின் தலைப்பு அதிலிருந்து எடுத்ததுதான். அதன் கீழே உள்ள கட்டத்தை, கதையின் கடைசி வரியாக, நிரப்பாமல் உங்களிடம் தருகிறேன்:

சராசரி விட்டம்: ............ மைக்ரான்.